புதுப்பிப்பு: கிதாருக்கு 0.012 அங்குலத் தந்தியா, 0.011 அங்குலத் தந்தியா?

பாம்பனில் கடலுக்கு அருகிலுள்ள வீட்டில் இருந்து வாசிக்கும் என் அக்கூஸ்டிக் கிதாருக்கு 12–53 தந்திகளையே (மிக மெல்லியது 0.012 அங்குலம், மிகத் தடித்தது 0.053 அங்குலம்) தொடர்வதா, சற்று மெல்லிய 11–52க்கு மாறுவதா என்று சென்ற பதிவில் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்னபடி 11–52 போட்டுவிட்டேன்.

முதல் தந்தியின் தடிமன் 0.012 அங்குலத்திலிருந்து 0.011 ஆவது அற்பமாகத் தோன்றினாலும், இழுவிசை விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே சுருதியில் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் எஃப் பார் கார்டைப் பிடிக்கும்போது என் விரல் அதை உடனே உணர்ந்தது.

ஆனால் ஒருவரும் எச்சரிக்காத ஒன்று நடந்தது. இழுவிசை குறைந்ததும் கிதாரின் கழுத்து நிமிர்ந்து, முதல் மூன்று ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளில்) ஆறாம் தந்தி கரகரத்தது. கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுநாள் வரை காத்திருந்தபின் சரியானது. பேஸ் ஒலி சற்று மெலிந்தது உண்மைதான். தனியாக வாசிப்பவனுக்கு அது பெரிய இழப்பன்று.

உப்புக்காற்றுக்குத் தடிமன் மருந்தாகாது. பூச்சில்லாத பாஸ்பர் வெண்கலத் தந்திகள் மூன்றே வாரத்தில் கறுத்து, சுற்றுகளுக்கிடையே பச்சை படிந்து, விரல்நுனியில் மையாய் ஒட்டின. ஆகவே அடுத்த செட் பூச்சுள்ள 11–52.