வீட்டு ஒலிப்பதிவு: 15,000 ரூபாயில் மென்பொருளுக்கு ஒரு ரூபாயாவது ஒதுக்கணுமா?

சுருதிப்பெட்டி எழுதியது:
வீட்டில் பாடிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" எதையும் வாங்க வேண்டாம் என்பேன். கையில் 15,000 ரூபாய் இருந்தால் ஒரு டைனமிக் மைக், இரண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், ஒரு ஸ்டாண்டு. பணம் அதற்கே சரியாகிவிடும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகத்தான் வெளிவருகிறது. நான் பாடுவது கர்நாடக சங்கீதம். குரல், மிருதங்கம், தம்புரா, சில நாள் வயலின். நாலு டிராக்குக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

கோடம்பாக்கம்ஒலி எழுதியது:
நண்பரே, ஒலிப்பதிவு எனக்குத் தொழில். அதனால் நேராகவே மறுக்கிறேன். இலவசம் என்று சொல்லிப் புதியவர்களை அலைய விடாதீர்கள். ஆடாசிட்டியில் விஎஸ்டி இசைக்கருவி (கணினிக்குள்ளேயே ஒலிக்கும் மென்பொருள் வாத்தியம்) எதையும் ஏற்ற முடியாது. மிடி கீபோர்டை (ஒலியை அல்ல, எந்தச் சாவி அழுத்தப்பட்டது என்ற தகவலைக் கணினிக்கு அனுப்புவது) மாட்டி வாசித்துப் பதியவும் முடியாது. சரி, எல்எம்எம்எஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குப் போனால் அங்கே மிடி நன்றாக நடக்கும், ஆனால் 1.2 பதிப்பில் மைக்கில் பாடிப் பதிய வழியில்லை. ஆக ஒரே பாட்டுக்கு இரண்டு மென்பொருள், நடுவில் வேவ் ஒலிக்கோப்புகளை ஏற்றி இறக்கும் வேலை. பாடவேண்டிய நேரம் இதில் போய்விடுகிறது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் முழு வசதியோடு சோதிக்கக் கிடைக்கிறது, பிறகு தனிநபருக்கு 60 டாலர். வின்ஆம்ப் என்ற பாட்டு கேட்கும் மென்பொருளைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கலின் கைவண்ணம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். 15,000-இல் அந்தத் தொகையை ஒதுக்கச் சொல்வதில் என்ன தவறு?

லினக்ஸ்தங்கை எழுதியது:
அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டு குறையும் உண்மை. ஆனால் இலவச மென்பொருள் அந்த இரண்டோடு முடிந்துவிடவில்லையே. ஆர்டோர் இருக்கிறது: பல டிராக் ஒலிப்பதிவு, மிடி, பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு கருவிகள்) எல்லாம் ஒரே இடத்தில். அதன் தளத்தில் உடனே நிறுவத் தயாரான கோப்புக்குக் கொஞ்சம் பணம் கேட்பார்கள். மூல நிரல் இலவசம். உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸை நிறுவினால் ஆர்டோர் கூடவே வந்துவிடும். விண்டோஸை விட மனமில்லாதவர்களுக்கு டிராக்டியனின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ. சிந்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி. மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இருக்கவே இருக்கிறது. 60 டாலர் உங்களுக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். இந்தப் பட்ஜெட்டில் அது மூன்றில் ஒரு பங்கு அண்ணா, ஒரு மைக்கின் விலை!

கோடம்பாக்கம்ஒலி எழுதியது:
தங்கச்சி, ஆர்டோரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வருகிறவர் முதல் நாளே சிக்கிக்கொள்வது தாமதத்தில். பாடினால் ஹெட்ஃபோனில் தன் குரல் பிந்தி வரும், தாளம் தடுமாறும். பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) குறை, டிரைவரை மாற்று, சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் அவர் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்.

சுருதிப்பெட்டி எழுதியது:
அந்தச் சிக்கல் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் அப்படியேதானே இருக்கிறது? 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு வழிக்கு 5.3 மில்லிவிநாடி, போய்வர அதன் இரண்டு மடங்குக்கும் மேல். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பாடகருக்கு இதைவிடச் சுலபமான வழி இன்டர்ஃபேஸிலேயே இருக்கிறது: டைரக்ட் மானிட்டர். அதைத் திருப்பினால் குரல் கணினிக்குள் சுற்றி வராமல் நேரே காதுக்கு வந்துவிடும். மென்பொருளில் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் குரல் இரண்டாகக் கேட்கும். ஆடாசிட்டியில் புது டிராக் பழையதோடு ஒட்டாமல் நகர்ந்து விழுந்தால், தாமத ஈடு என்று ஓர் அமைப்பு உண்டு. முதலில் அது மைனஸ் 130 மில்லிவிநாடியில் இருக்கும். கைதட்டிப் பதிந்து அளந்து, உங்கள் கணினிக்கு ஏற்ப ஒருமுறை மாற்றினால் போதும்.

தொப்பிநாதம் எழுதியது:
மிருதங்கக்காரன் பக்கத்து வாதத்தையும் கேளுங்க. மென்பொருளைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க, அறையைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலையே. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே ஃபேன். அந்த அறையில் மிருதங்கத்தோட வலப்பக்கமான வலந்தலையில் ஒரு சாப்பு அடி விழுந்தா பதிவில் நாலு சாப்பு கேக்கும். இந்த எதிரொலியைச் சுத்தமா எடுக்கிற மென்பொருளை நான் இன்னும் பார்க்கலை. ஃபேனை நிறுத்துங்க, ஃபிரிட்ஜையும்தான். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்ச்சு வையுங்க, தரையில் ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போடுங்க, துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து விடுங்க. முட்டை அட்டை ஒட்டுறது வீண் வேலை. இடப்பக்கமான இடந்தலையின் கனமான நாதத்தை அது தொடக்கூடத் தொடாது.

இன்னொண்ணு. முதலில் குரலைப் பதிஞ்சுட்டு, அப்புறம் மிருதங்கத்தைத் தனியா வாசிக்கச் சொல்றாங்க. பாடறவர் முகத்தைப் பார்க்காம நிரவலுக்கு (ஒரே வரியைக் கற்பனையா விரிச்சுப் பாடுறது) எப்படிய்யா வாசிக்கிறது? எங்கே நீட்டுவார், எங்கே விடுவார்னு அந்த நொடியில்தானே தெரியும். இன்டர்ஃபேஸில் ரெண்டு இன்புட் இருக்கில்ல, ரெண்டு பேரும் ஒண்ணா உட்காருங்க. ரெண்டு கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமாவும் பின்பக்கத்தைக் குறைவாவும் எடுக்கிறது. ஒவ்வொண்ணும் மத்தவருக்கு முதுகைக் காட்டணும். ஒருத்தர் சத்தம் மத்தவர் மைக்கில் கொஞ்சம் கலக்கும், கலக்கட்டும்.

கோடம்பாக்கம்ஒலி எழுதியது:
கலக்கட்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். குரலில் ஒரு வரி பிசகினால் அதைத் தனியாகத் திரும்பப் பாடிச் சேர்க்க முடியாது. பழைய குரல் மிருதங்க மைக்கில் உட்கார்ந்திருக்கும். அறையைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால் நம் பேச்சு கச்சேரிக்குள்ளேயே சுற்றுகிறது. குறும்படத்துக்குப் பின்னணி இசை போட நினைக்கும் இளைஞர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்கு வயலின் கூட்டம் வேண்டும், நாதஸ்வரம் வேண்டும், தவில் வேண்டும். இலவச ஒலி நூலகங்களில் மேற்கத்திய வாத்தியங்கள் ஓரளவு கிடைக்கின்றன. நம் வாத்தியங்களைத் தேடிப் பாருங்கள். நாதஸ்வரம் என்ற பெயரில் ஷெனாய் போல ஏதோ ஒன்று கேட்கும். அங்கே பணம் போட்டே ஆகவேண்டும்.

லினக்ஸ்தங்கை எழுதியது:
பணம் போட்டு வாங்கினாலும் ஒரு சாவியை அழுத்தி வருகிற நாதஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, எங்கே அண்ணா இருக்கிறது? விலை உயர்ந்த மென்பொருளின் பெருமையாகச் சொல்லப்படும் சுருதித் திருத்தமும் இதே கதைதான். பன்னிரண்டு ஸ்வரக் கட்டத்துக்கு இழுத்துவிடும்படி வைத்தால் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை ஒரே இடத்தில் ஆணி அடித்து நிறுத்திவிடும். அந்த அசைவுதானே தோடி. நம் இசைக்கு அந்த வசதி இல்லாதது குறையே இல்லை. நாதஸ்வரம் வேண்டுமென்றால் வாசிக்கிறவர் ஒருவரை அழைத்து, அந்த 60 டாலரை அவர் கையில் கொடுக்கலாம்.

கோடம்பாக்கம்ஒலி எழுதியது:
அழைக்கலாம். தெருவே கேட்கும் வாத்தியத்தை அடுக்குமாடி வீட்டு அறையில் எப்படிப் பதிவாய்? அரை நாள் ஸ்டூடியோ எடுத்து அதை மட்டும் அங்கே பதிந்து, வேவ் கோப்பாக வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லு. மற்ற வேலையை ஆர்டோரிலோ ரீப்பரிலோ முடித்துக்கொள்ளட்டும். ரீப்பர் என்பதில் இருந்து நான் இறங்குவதாக இல்லை.

தொப்பிநாதம் எழுதியது:
சரி, நான் கேக்குறதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. வாசல்ல வண்டி போற இரைச்சல் பதிவுல இருக்கு. ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கம் போட்டா மிருதங்கம் தண்ணிக்குள்ள வாசிச்ச மாதிரி ஆயிடுது.

சுருதிப்பெட்டி எழுதியது:
அந்தக் கருவி ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் அண்ணே. ஏசி, ஃபேன் சத்தம் மாதிரி. வண்டி வந்து போகிற சத்தம் அதில் போகாது. பாடத் தொடங்குமுன் ஐந்து விநாடி சும்மா இருந்து அந்த அமைதியைப் பதியுங்கள். அதையே மாதிரியாகக் கொடுத்து, குறைப்பை 6 டெசிபல் அளவில் நிறுத்துங்கள். வண்டி போன இடத்தைத் திரும்ப வாசிப்பதே நல்லது. லெவலையும் பாருங்கள்: 24 பிட்டில் பதியும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் உங்கள் சாப்பு வெடிக்காது.