குரூப்ல உக்காந்து பேசினா திருந்துவாங்களா?

சேத்துப்பட்டு பாபு: தம்பி புழல் ஜெயில்ல இருந்து வந்துட்டான், வாரா வாரம் உள்ள இருந்துட்டு வந்தவங்க சேர்ற ஒரு குரூப்புக்கு போறான், வட்டமா உக்காந்து பேசுறாங்களாம், இதுல என்ன ஆகப்போகுதுன்னு அம்மா கேக்குறாங்க. பிரயோஜனம் இருக்கா?

மெரினா மணி: இருக்கு ப்ரோ. ஷாட் மருனான்னு ஒரு குற்றவியல் ஆய்வாளர் இங்கிலாந்து லிவர்பூல்ல பண்ண ஆய்வு 2001ல வந்துச்சு. தப்பை விட்டவங்க "நான் அடிப்படையில நல்லவன்தான், சூழ்நிலைல சிக்கிட்டேன், இனிமே என் கையில இருக்கு"ன்னு தன் கதையை சொல்றாங்களாம், விடாதவங்க "எல்லாம் தலையெழுத்து"ன்றாங்க. கதையை மாத்திச் சொல்லிப் பாக்க காது குடுக்கிற ஆள் வேணும்ல, அதுக்குத்தான் குரூப்பு.

கீதாக்கா: அட்வைஸ் கச்சேரின்னா வேஸ்ட்டு. நாம சொன்னா "உனக்கென்ன தெரியும்"பான், உள்ள இருந்துட்டு வந்தவனே "டேய் ரீல் விடாத"ன்னா கம்முனு கேப்பான். குடியும் இருந்தா ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசுற அமைப்பு) மீட்டிங் அனுப்புங்க, ஃப்ரீதான்.

சேத்துப்பட்டு பாபு: குடி இல்லக்கா, சேர்க்கைதான்.

கீதாக்கா: அப்ப சாயங்காலம் வேலை ஏதாவது பாத்துக் குடுப்பா, சும்மா இருந்தா அதே கும்பல் கூப்பிடும்.