வெறும் அர்ரேக்குள் மூன்று விலை: கன்சோல்.லாக்கை நம்பலாமா?

வெண்ணாறு:
இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஜாவாஸ்கிரிப்டில், கூடையில் உள்ள பொருள்களின் விலையை ஃபெட்ச் (சர்வரிடம் தரவு கேட்கும் கட்டளை) மூலம் ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு அர்ரேயில் (பட்டியலில்) சேர்த்து, மொத்தம் காட்ட வேண்டும். மொத்தம் எப்போதும் 0தான். கூட்டும் வரிக்கு முன்னால் கன்சோல்.லாக் (மதிப்பை பிரவுசரின் டெவலப்பர் கருவியில் எழுதிக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். குரோமில் [], அதாவது காலி அர்ரே, என்று வருகிறது. அம்புக்குறியை அழுத்தி விரித்தால் உள்ளே மூன்று விலையும் இருக்கின்றன! இருக்கிற விலையை ஏன் கூட்டவில்லை? ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை ஓடும் ஃபார்ஈச்சுக்குள் ஏசிங்க் ஃபங்ஷன் கொடுத்து, பதில் வரும்வரை காத்திருக்க அதில் அவெய்ட் போட்டிருக்கிறேன்.

கோட்டைமேடு:
முதலில் கன்சோல்.லாக்கைத் தூக்கிப் போடுங்கள். அது அர்ரேயை நகல் எடுத்து வைப்பதில்லை, அந்த அர்ரேயையே பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் விரிக்கும் நேரத்தில் உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். விரித்ததும் பக்கத்தில் சின்னதாக 'ஐ' குறி வரும். மவுஸை அதன்மேல் வையுங்கள்: முதல்முறை விரித்தபோது எடுத்த மதிப்பு, பிறகு மாறியிருக்கலாம் என்று குரோமே எச்சரிக்கும். உங்கள் இரண்டு நாளைத் தின்றது இதுதான்.
டெவலப்பர் கருவியின் சோர்ஸஸ் டேபில் கூட்டும் வரியின் எண்ணைத் தட்டி, ஓட்டத்தை அங்கே நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வையுங்கள். அங்கே நின்றதும் அர்ரேயின் நீளம் 0 என்று தெரியும். ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளே அவெய்ட் இருந்தாலும் அடுத்த வரிக்குப் போய்விடும்.

நிரல்மகள்:
காரணம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் "தூக்கிப் போடுங்கள்" என்பதை ஏற்க மாட்டேன். ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை வழியாக லாக் செய்திருந்தால் அந்த நொடியின் நிலை எழுத்தாகவே பதிவாகியிருக்கும், வெறும் [] மட்டும் வந்திருக்கும். கருவியைக் குறை சொல்வதைவிட அதைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது மேல்.
பிரேக்பாயிண்ட் மறைத்துவிடும் பிழைகளும் உண்டு. தேடல் பெட்டியில் 'கா' என்று அடித்ததும் ஒரு கோரிக்கை போகிறது, 'காபி' என்று முடித்ததும் இன்னொன்று. முதல் பதில் தாமதமாக வந்து இரண்டாவதை அழித்துவிடுகிறது. நடுவில் நிறுத்தினால் அந்த நேர வரிசையே கலைந்துவிடும், பிழை கண்ணில் படாது. இதே வகைப் பிழையோடு நான் ஒரு வாரம் போராடியிருக்கிறேன். கன்சோல் அமைப்பில் நேர முத்திரையை இயக்கி, பதில் வரும் இடத்தில் ஒரே ஒரு லாக் போட்ட பிறகுதான் வரிசை புரிந்தது. அபார்ட்கன்ட்ரோலரால் பழைய கோரிக்கையை ரத்து செய்ததும் தீர்ந்தது.

கோட்டைமேடு:
அதற்கும் கோடில் கைவைக்கத் தேவையில்லை. 2019இல் குரோம் 73 முதல் லாக்பாயிண்ட் இருக்கிறது. வரி எண்ணில் ரைட் கிளிக் செய்து சேர்த்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே எழுதிக் காட்டும். கோடில் போட்ட லாக் மறந்துபோய் வாடிக்கையாளர் வரை போய்விடுகிறது என்பதுதான் என் கவலை. ஒருமுறை லாகின் டோக்கனே (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் ரகசியச் சாவி) அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நிரல்மகள்:
டோக்கன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் வாடிக்கையாளரின் போனில் மட்டும் வரும் பிழைக்கு எங்கே போய் பிரேக்பாயிண்ட் வைப்பீர்கள்? பக்கத்தில் பிழை வந்ததும் ஓடும் விண்டோ.ஆன்எரர் வழியாக வரும் பதிவைத்தான் நம்ப வேண்டும். ஸ்கிரிப்ட் வேறு டொமைனில் இருந்தால் அதிலும் "ஸ்கிரிப்ட் எரர்" என்று மட்டும் வரும், வரி எண் கிடைக்காது. ஸ்கிரிப்ட் டேகில் கிராஸ்ஆரிஜின் பண்பும், அந்த சர்வரில் அனுமதி ஹெடரும் சேர்க்க வேண்டும். பதிவே வேண்டாம் என்று பழகியவர் அந்த இடத்தில் திணறுவார்.

கோட்டைமேடு:
அங்கே பதிவு தேவை, சரி. ஆனால் வெண்ணாறு தன் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் கற்கிறவருக்கு நான் பிரேக்பாயிண்டைத்தான் முதலில் காட்டுவேன். கால் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலை) கண்ணால் பார்த்தால்தான் எது எப்போது ஓடுகிறது என்பது மனதில் பதியும்.

வெண்ணாறு:
இருவருக்கும் நன்றி. நிறுத்திப் பார்த்தேன், நீளம் 0. ஃபார்ஈச்சை மேப் ஆக்கி, எல்லாக் கோரிக்கைகளும் முடியும்வரை காத்திருக்க ப்ராமிஸ்.ஆல் கொடுத்து, அதற்கு அவெய்ட் போட்டேன். மொத்தம் 175 வந்துவிட்டது.

நிரல்மகள்:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு கோரிக்கை தோற்றாலும் ப்ராமிஸ்.ஆல் முழுவதும் தோற்றுவிடும், கிடைத்த விலைகளும் கைக்கு வராது. அதற்குப் பதிலாக, வென்றது தோற்றது எல்லாவற்றின் முடிவையும் தரும் ப்ராமிஸ்.ஆல்செட்டில்ட் போட்டு, விலை வராத பொருளைத் தனியாகக் காட்டுங்கள். நெட்வொர்க் டேபில் அந்த ஒரு முகவரியை மட்டும் தடுத்து வைத்து இன்றே சோதித்துப் பாருங்கள்.