அப்பா அம்மாவைக் கனம்பண்ணுவது: காசு, பத்திரம், கட்டில்

சபை மூப்பர்:
சபையில் அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி இது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எடுத்து வைத்துவிட்டால் அம்மாவின் மாத்திரைக்குக் காசு மிஞ்சவில்லை, எதை நிறுத்துவது? மாற்கு 7:9-13 வாசித்தவருக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’ என்று காணிக்கையாக ஒதுக்கிவிட்டுக் கையை விரிப்பவர்களைத்தான் இயேசு அங்கே கண்டிக்கிறார். 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரமும் விதவையைச் சபை தாங்குவதற்கு முன்னே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாங்கச் சொல்கிறது. ஆகவே மருந்து, பரிசோதனை, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் எல்லாம் முதலில். சம்பளம் ஏறிய அன்றே அவர்கள் கணக்கில் போட்டுவிடுங்கள். மாதாமாதம் வாய்விட்டுக் கேட்க வைப்பது கனம்பண்ணுகிற காரியமா?

பத்திர எழுத்தர்:
மூப்பர் ஐயா சொன்னது உயிரோடு இருக்கும் மகனுக்கு. மகன் பெற்றோருக்கு முன்னே இறந்துவிட்டால்? கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் மகன் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெற்ற தாய்க்கு அவன் சொத்தில் ஒரு சென்ட் கிடையாது. இந்துக் குடும்பங்களில் தாய் முதல் வகுப்பு வாரிசு என்பதால் நமக்கும் அப்படித்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வழி உயில்தான். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயருக்கு எழுதிய உயில், 69-ஆம் பிரிவின்படி கல்யாணத்தோடு தானாகவே ரத்தாகிவிடும். இது தெரியாமல் பழைய உயிலைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. புதிதாக எழுத வேண்டும். இன்னொன்று சாட்சி. அம்மாவுக்கு எழுதும் உயிலில் அம்மாவோ அப்பாவோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் நிற்கும், அம்மாவுக்கு எழுதியது போய்விடும் (பிரிவு 67). பக்கத்து வீட்டுக்காரர் இருவரைக் கூப்பிடுங்கள்.

இளைஞர் ஐக்கியச் செயலாளர்:
வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும் பெற்றோருக்கு?

பத்திர எழுத்தர்:
2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பத்திரத்திலேயே ‘சாப்பாடு, மருத்துவம், தங்க இடம் தந்து பராமரிக்க வேண்டும்’ என்ற வரி இருக்கட்டும். மகன் மீறினால் ரத்து கேட்க அதுதான் பிடி. அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் சற்றுத் தாராளமாகப் பொருள்கொண்டது. அந்தத் தாராளத்தை நம்பி வரியை விட்டுவிடாதீர்கள். மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய் வரை.

மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியே, பிறகு சாட்சிகளோடு, பிறகு சபையில் பேசுங்கள், சரிதான். ஆனால் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி முதியவரை மட்டும் வாயடைக்கிற பழக்கம் எனக்கு ஒப்பாது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ்:
படுக்கையில் இருப்பவருக்குத் திருவிருந்து (நற்கருணை அப்பமும் திராட்சரசமும்) கொடுக்கும்போது கவனம். படுத்தபடி வாயில் வைத்தால் உலர்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டும், புரையேறும். தலையணை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். நகத்தளவு துண்டு, கூடவே ஒரு ஸ்பூன் தண்ணீர். விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அரைமணி நேரம் சாய்க்க வேண்டாம். விழுங்கவே முடியாதவர் கத்தோலிக்கராக இருந்தால் திராட்சரசம் மட்டும் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசமும் முதியவர், நோயாளி, அவர்களைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோருக்குக் கிடையாது. ஐயர் (போதகர்) வரட்டும் என்று சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. இட்லியைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.