கற்பனை நகரத்துக்கு மெட்ரோ: நிலைய இடைவெளி எவ்வளவு?

கேள்வி: கதைக்காக ஒரு சுரங்க ரயில் வரைபடம் போடுகிறேன். நிலைய இடைவெளி, நடைமேடை நீளம் எவ்வளவு வைக்கலாம்?

பதில் 1: ஊருக்குள் ஒரு கிலோமீட்டர், புறநகரில் இரண்டு. 500 மீட்டருக்கு ஒன்று வைத்தால் ரயில் வேகமெடுக்கும் முன்பே பிரேக் போடணும். பெட்டி 22 மீட்டர் என்றால் ஆறு பெட்டிக்கு 132. நடைமேடை 140 போதும். அதை வளைவில் மட்டும் வைக்காதீங்க. பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே கால் சிக்கும் அளவுக்கு இடைவெளி விழும். லண்டனில் 'பேங்க்' என்ற சுரங்க ரயில் நிலையத்தில் சென்ட்ரல் லைன் தட நடைமேடைகளில் இதே தொல்லைதான்.

பதில் 2: நிலையத்தைச் சற்று மேடாக்குங்க. வரும்போது ஏற்றத்தில் வேகம் தானே குறையும், கிளம்பும்போது இறக்கம் இழுக்கும், மின்சாரம் மிச்சம். 1900இல் திறந்த அதே சென்ட்ரல் லைனில் இந்த ஏற்பாடு உண்டு. அருமையான யோசனை!

பதில் 3: இதெல்லாம் பயணி வரைபடத்தில் வேண்டாம். ஹாரி பெக் வரைந்த 1933 லண்டன் சுரங்க ரயில் வரைபடம் மாதிரி கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்வு போதும்.