அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்கும்போது சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது?

துறைமுகவீதிப் பயணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வருகிறேன். தனியாகக் கமெரா எதுவும் இல்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் சூரிய உதயம், கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்கள், உப்புவெளிக் கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. பார்ப்பவர்கள் நல்ல படம் என்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் எல்லாவற்றையும் ஒரே இருப்பில் பார்த்தபோது, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும் சுற்றுலாப் பயணி எடுக்கும் படத்துக்கும் இங்கேயே பிறந்து வளர்ந்த நான் எடுத்த படத்துக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்பது மனத்தை உறுத்தியது. படங்களில் ஊர் இருக்கிறது, நான் இல்லை.

சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் பொருளை வைக்க வேண்டும் என்ற விதியைப் படித்துவிட்டு, திரையில் அந்தக் கோடுகளையும் போட்டுக்கொண்டு ஒரு மாதம் முயன்றேன். கடைத்தெருவில் மரக்கறித் தோல் தின்றுகொண்டிருந்த ஒரு கலைமானைச் சரியாக அந்தப் புள்ளியில் நிறுத்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், அதன் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே மின்கம்பம் ஒன்று மூன்றாவது கொம்பாக முளைத்திருந்தது. விதியைப் பின்பற்றினேன், படம் கெட்டது. நாள்தோறும் காணும் சாதாரணக் காட்சிகளை என்னுடைய பார்வையாக மாற்றுவதற்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்? நல்ல கமெரா வாங்கினால் இது சரியாகுமா?

திருக்கடலூர்க் கரை பதிலளித்தது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். அந்த மின்கம்பம் ஒரு லட்சம் ரூபாய்க் கமெராவிலும் முளைத்திருக்கும். நம் கண் மானை மட்டும் பார்க்கும். பின்னால் இருப்பதை மனம் தானாகவே கழித்துவிடும். கமெராவுக்கு அந்தக் கழித்தல் தெரியாது, முன்னும் பின்னும் இருப்பவற்றை ஒரே தாளில் ஒட்டிவிடும். ஆகவே கழிக்கும் வேலையை நாம் கால்களால் செய்ய வேண்டும். இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்திருந்தால் கம்பம் விலகியிருக்கும். குந்தியிருந்து எடுத்திருந்தால் கொம்புகளுக்குப் பின்னால் வெறும் வானம் வந்திருக்கும்.

நீங்கள் பின்பற்றிய விதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை 1797-இல் எழுத்தில் வைத்தவர் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். அவர் பேசியது நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி. ஒளிப்படம் என்ற ஒன்றே அப்போது பிறந்திருக்கவில்லை. ஓவியருக்கு வேண்டாத மரத்தை வரையாமல் விடும் வசதி உண்டு. நமக்கு அது இல்லை என்பதால், பொருளை எங்கே வைப்பது என்பதைவிட ஓரங்களில் என்ன நுழைகிறது என்பதே பெரிய கேள்வி. பொத்தானை அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுண்ட கை, யாரோ ஒருவருடைய செருப்பு, விளம்பரப் பலகையின் ஒரு மூலை ஆகியவை எல்லாம் அந்தச் சுற்றில் அகப்படும்.

எங்கள் கரையில் கரைவலை இழுக்கும் காலத்தில் நான் பல காலை வேளைகளில் நின்றிருக்கிறேன். முதல் நாள்களில் கடல், வானம், இரு பக்கக் கயிறுகள், இழுப்பவர்கள், காகங்கள், தூரத்தில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை என்று எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் திணித்தேன். அவற்றில் ஒன்றும் தேறவில்லை. பிறகு ஒருநாள் கயிற்றை மட்டும் தொடர்ந்து பார்த்தேன். இழுப்பவர் பின்னால் சாயும்போது அவருடைய குதிகால் ஈரமணலுக்குள் புதைகிறது. அவர் அடுத்த அடி வைத்ததும் அந்தக் குழியில் நீர் ஊறி நிறைகிறது. பின்னால் வருபவரின் குதிகால் அதே குழிக்குள் இறங்குகிறது. கயிற்றின் ஒரு சாண் நீளமும் இரண்டு குதிகால்களும் நீர் நிறைந்த நான்கு குழிகளும் மட்டுமே உள்ள படம் ஒன்று அன்று கிடைத்தது. அதில் முகமும் இல்லை, கடலும் இல்லை. ஆயினும் கரையில் வேலை செய்யும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வலை பாரம்தான்" என்றார்.

கிடுகுவேலி பதிலளித்தது:

மேலே எழுதியவர் சொன்ன ஓரங்களைப் பற்றிய செய்தி சரியானது. ஆனால் கரைவலைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டவர் அலுவலகத்தில் வேலை செய்பவர். கரைவலை அவருடைய அன்றாடம் அன்று, அது பிறருடைய உழைப்பு. அங்கே போய் நின்றால் மறுபடியும் பயணியாகத்தான் நிற்பார். முதலில் வீட்டுக்குள் தொடங்கட்டும்.

செக் நாட்டு ஒளிப்படக் கலைஞர் யோசெப் சூடெக் (1896–1976) முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். பிராக் நகரில் அவருடைய பணிக்கூடத்தில் ஒரு சன்னல் இருந்தது. 1940 முதல் 1954 வரை அந்தச் சன்னலையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், வெளியே தோட்டத்தில் நின்ற வளைந்த மரம், சன்னல் கட்டையில் வைத்த ஒரு குவளை, அவ்வளவுதான் பொருள். அந்தப் படங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஏனெனில் சன்னல் மாறாதபோது மாறுவன எல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. நம் குசினிச் சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இராது, கறிவேப்பிலைச் செடியும் அயல்வீட்டுத் தகரமும்தான் இருக்கும். அதனாலென்ன? ஒரே இடத்தை இரண்டு வாரம், ஒரே நேரத்தில் எடுத்துப் பாருங்கள். நான்காம் நாள் சலிப்பு வரும். அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகுதான், எல்லாரும் எடுக்கும் கோணங்கள் தீர்ந்துபோய், உங்களுக்கு மட்டும் தோன்றும் கோணம் வரும் என்பது என் அனுபவம்.

ஒரு சிறு நுட்பம். பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் முதன்மை வில்லை ஏறத்தாழ 24 முதல் 26 மில்லிமீற்றர் வில்லைக்கு ஒப்பான அகன்ற பார்வை கொண்டது. சிறிய அறைக்குள் அது கட்டிலையும் கதவையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும், அருகில் வைத்தால் முகத்தில் மூக்கைப் பெரிதாக்கும். இருமடங்கு என்ற பொத்தானைத் தொட்டால் அது ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் அளவுக்கு வரும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் (1908–2004) தம் வாழ்நாளில் பெரும்பாலும் அந்த ஒரு வில்லையோடு நடந்தவர். இரண்டு வாரமும் அந்த அளவை மாற்றாதீர்கள். பெரிதாக்க வேண்டுமானால் நடந்து கிட்டப் போங்கள்.

மனையாவெளி வாசகர் பதிலளித்தது:

இருவரும் பொருளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். வெளிச்சத்தை யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் அந்திப்பொழுது நீண்டு கிடப்பதில்லை. சூரியன் மறைந்து இருபது நிமிடம் கடந்தால் இருட்டுத்தான். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேர்மேலே நிற்பதால் ஆளுடைய நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், கண்குழிகள் கறுத்துவிடும். அந்த நேரத்தில் வெளியில் முகங்களை எடுக்காமல், தேநீர்க்கடையின் தாழ்வாரத்துக்குள் நின்று, வாசலால் வரும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள்.

கிழக்குக் கரையில் உதயம் மட்டுமே கடலில் கிடைக்கும் என்று நினைத்து எல்லாரும் விடியற்காலையில் கோயில் பக்கம் ஓடுகிறார்கள். நம் நகரத்துக்கு மேற்கே உள்துறைமுகம் கிடப்பதால் மாலைச் சூரியனும் நீருக்கு மேலேயே இறங்குகிறது என்பதைக் கேட்டவரே மறந்துவிட்டார் போலிருக்கிறது. வேலை முடிந்து துறைமுக வீதியால் வீடு திரும்புகிறவருக்கு இது நாள்தோறும் கிடைக்கும் சம்பளம். அங்கே சூரியனைப் பார்த்து நிற்காமல் அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். மதிலும் மிதிவண்டியும் பஸ்சுக்குக் காத்திருப்பவர்களும் பத்து நிமிடத்துக்குப் பொன்னிறமாகிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகத்தின் சில பகுதிகள் கடற்படைக்குரியவை. அந்தப் பக்கம் கமெராவை நீட்ட வேண்டாம். ஆட்களை எடுக்கும்போது முதலில் பேசுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவர்கள் கண்முன்னேயே அழித்துவிடுங்கள்.

துறைமுகவீதிப் பயணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிடுகுவேலி சொன்னபடி பதினொரு நாள் எங்கள் குசினியில் காலை ஆறரை மணிக்கு நின்றேன். சலிப்பு நான்காம் நாள் அல்ல, இரண்டாம் நாளே வந்துவிட்டது. முதல் வாரத்துப் படங்களில் அடுப்பு, அலுமாரி, சுவரில் தொங்கும் நாட்காட்டி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிறகு ஓரங்களைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வந்ததும் ஒவ்வொன்றாக வெளியேறின. எட்டாம் நாள், அம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது நானும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிறுவயதில் அவருக்குப் பக்கத்தில் இருந்து துருவல் திருடித் தின்ற உயரம் அது என்பது படம் எடுத்த பிறகுதான் உறைத்தது. சட்டகத்தில் அவருடைய இரண்டு மணிக்கட்டுகளும், திருவலையின் பற்களும், தட்டில் விழும் வெள்ளையும், சன்னலால் சரிந்து வரும் ஒளிக்கற்றையும் மட்டும் இருந்தன. சுற்றுலாப் பயணி யாரும் இதை எடுத்திருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவோ பார்த்துவிட்டு, முகம் இல்லாமல் எடுத்ததற்கு என்ன காரணம் என்று கேட்டு, கொஞ்சம் மனத்தாங்கலோடு எழுந்து போய்விட்டார்.

ஒரு குறை மட்டும் எஞ்சி நிற்கிறது. துருவல் குவியல் வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துபோய், அதில் ஓர் இழைகூடத் தெரியவில்லை. இதைச் சரிசெய்ய வழி உண்டா?

திருக்கடலூர்க் கரை பதிலளித்தது:

எடுத்த படத்தில் வழி இல்லை. எரிந்த வெள்ளைக்குள் திரும்பக் கொண்டுவர எதுவும் பதிவாகியிருக்காது. அடுத்த முறை திரையில் துருவலின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, இழைகள் தெரியும் வரை இருட்டாக்குங்கள். சுவரும் மூலைகளும் கறுத்துப்போகும், போகட்டும். நாட்காட்டி இன்னும் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் அதுவும் அந்தக் கறுப்புக்குள் மறைந்துவிடும். அதற்கு முன் அம்மாவுடைய முகத்தை ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கும் சம்பலுக்குத் தேங்காய் துருவத்தானே வேண்டும்.