பறவை வரையும் குழந்தைகளுக்குக் கால்களைப் புரியவைப்பது எப்படி?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். 8 முதல் 11 வயது வரையுள்ள 12 குழந்தைகளுக்கு, பறவைகளை வரைவதன் வழியாக ஓவியத்தையும் இயற்கை அறிவியலையும் சேர்த்துக் கற்பிக்க முயன்று வருகிறேன். ஓவியம் எனக்கு ஓரளவு தெரியும். பறவையியலில் நானும் மாணவன்தான்.

உடலுக்கு முட்டை வடிவம், தலைக்கு வட்டம் என்று தொடங்கியதும், அலகைப் பார்த்து உணவை ஊகிக்கச் செய்ததும் நன்றாகவே அமைந்தன. சிக்கல் கால்களில்தான். பறவையின் முழங்கால் பின்னோக்கி மடிகிறது என்றே குழந்தைகள் அனைவரும் (உண்மையைச் சொன்னால், நெடுநாள் நானும்) நினைத்திருந்தோம். நாம் முழங்கால் என்று கருதுவது உண்மையில் கணுக்கால் மூட்டு என்பதையும், மெய்யான முழங்கால் உடலோடு ஒட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது என்பதையும் விளக்கிய பிறகும், கொக்கை வரையும்போது பழைய பிழையே திரும்ப வருகிறது. மரங்கொத்தியின் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருப்பதை, மூன்று முன்னும் ஒன்று பின்னுமாக அமைந்த காக்கையின் காலோடு ஒப்பிட்டு வரையச் சொன்னபோது மட்டும் அவர்கள் தாமாகவே உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எலும்பமைப்பைக் குழந்தைகள் மிரளாமல் புரிந்துகொள்ள உதவும் எளிய பயிற்சி எதையேனும் நீங்கள் கையாண்டிருந்தால், அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன். மடித்த சிறகில் இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிசையை எவ்வாறு காட்டுவது என்பதிலும், அசையாத படத்தைப் பார்த்து வரைவது, நடமாடும் பறவையைப் பார்த்து வரைவது ஆகிய இரண்டில் எதை முதலில் வைப்பது என்பதிலும் உங்கள் அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது. வண்ணம் தீட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.